ஏரியைக் காத்தவர்கள்

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் போகும் தோழர்கள் மதுராந்தகம் ஏரிக்கரையைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரி அது. அதன் முழு ஆழம் 23.3 அடி, கொள்ளளவு 694 மில்லியன் கன அடி என்றே நெடுங்காலம் கணக்குச் சொல்லிவந்தார்கள். ஏரியை ஒட்டியுள்ள கோயிலில் இருப்பவரை ஊரார் 'ஏரி காத்த ராமர்' என்பார்கள். கதை பலருக்கும் தெரிந்ததுதான். கும்பினிக் காலத்தில் லியோனல் பிளேஸ் என்றொரு கலெக்டர். பெருமழை வந்தால் ஏரி உடைந்துகொண்டிருந்தது. இந்த முறை கரை நின்றால் தாயாருக்குச் சன்னதி கட்டித் தருகிறேன் என்று துரை வாக்குக் கொடுத்தாராம். 1798இல் ஒரு மழை இரவில் கரைமேல் போய்ப் பார்த்தபோது வில்லும் அம்புமாக இருவர் காவல் நிற்கக் கண்டாராம். கரை உடையவில்லை. சன்னதி எழுந்தது, துரையின் பெயரும் கல்லில் ஏறியது.

நம்பிக்கை உள்ளவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதையில் வருகிறவர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு கடவுள், அவருடைய தம்பி, ஒரு வெள்ளைக்காரர். மண் சுமந்த ஆள் ஒருவர்கூட இல்லை.

ஏரிக்கரை என்பது மண். ஒருமுறை கட்டிவிட்டு மறந்துபோக முடியாது. எலியும் நண்டும் அதில் வளை தோண்டும். மரம் முளைத்துப் பட்டுப்போனால் வேர் ஓடிய வழியெல்லாம் தண்ணீருக்குக் குழாய். மாடுகள் ஏறி இறங்கும் தடம் பள்ளமாகும். உள்பக்கச் சரிவை அலை அரிக்கும், அதற்காகத்தான் அங்கே கல் பாவுகிறார்கள். வெளிப்பக்க அடிவாரத்தில் ஊறிவரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறவரை பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். கலங்கல் அடைபட்டு, உபரி நீர் போக வழியின்றிக் கரைமேல் ஏறி வழிந்துவிட்டால் எத்தனை நூற்றாண்டுக் கரையானாலும் சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே ஏரியின் பாதுகாப்பு என்பது நாள்தோறும் கரையை நடந்து பார்க்கிற ஒரு ஜோடிக் கால்கள்தான். அந்தக் கால்கள் யாருடையவை என்று நம் பாடநூல்கள் எழுதுவதில்லை.

பாடநூல்கள் எழுதுவது உத்திரமேரூரைப் பற்றி. மதுராந்தகத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' என்று தனியாக ஒரு குழுவே இருந்தது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். அந்தத் தொட்டிலில் படுக்க என்ன தகுதி வேண்டும்? வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். மண்ணை வெட்டியவன் ஏரி வாரியத்தின் வாசலில்கூட நின்றிருக்க முடியாது.

பிளேஸ் துரைக்கு வருவோம். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு செங்கல்பட்டுச் சீமையைச் சூறையாடியது. ஏரிகள் உடைந்து கிடந்தன, குடிகள் ஓடிப்போயிருந்தார்கள். கும்பினிக்கு வருமானம் நிலவரி. ஏரி இல்லையென்றால் நெல் இல்லை, நெல் இல்லையென்றால் வரி இல்லை. துரை ஏரிகளைச் செப்பனிட்டதற்கும், வேலையாட்களைக் கிராமத்தோடு பிணைத்துவைக்க மிராசுதாரர்கள் துடித்ததற்கும் அடியில் இருந்தது இந்த ஒரே கணக்கு.

அந்த வேலையாட்களில் ஒருவர்தான் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர் என்றெல்லாம் பெயர். வடமாவட்டங்களில் பெரும்பாலும் பறையர், தெற்கே பெரும்பாலும் பள்ளர். மதகைத் திறப்பது, வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் விடுவது, வாய்க்காலைத் தூர்வாருவது, மழைநாளில் இரவெல்லாம் கரைமேல் கிடப்பது, தூம்பு அடைத்துக்கொண்டால் மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இறங்குவது எல்லாம் அவர் பாடு. கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் நெல். ஏன் தலித்துகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் பெருமையாக ஒரு பதில் சொல்வார்கள்: அவனுக்குச் சொந்த நிலம் இல்லை, அதனால் ஓரவஞ்சனை பண்ண மாட்டான். ஒருவரை நிலமற்றவராக வைத்திருந்ததையே அவருடைய நேர்மைக்குச் சான்றாகக் காட்டும் சாமர்த்தியத்தை என்னவென்பது! ஊரின் வயலுக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்ட அந்தக் கை ஊர்க்கிணற்றில் வாளியை விட முடியாது.

(மடை திறந்தவரை இழிவுபடுத்தவே 'மடையன்' என்ற வசை வந்தது என்று நம் கூட்டங்களிலும் சொல்கிறோம். அகராதிகள் அதை மடமை, மடம் என்ற சொற்களோடுதான் சேர்க்கின்றன. நம்மிடம் உண்மையான சான்றுகள் போதுமான அளவு இருக்கும்போது இதை விட்டுவிடலாம்.)

இனி 'குடிமராமத்து'. சூழலியல் நண்பர்களுக்கு மிகவும் பிடித்த சொல். ஊர் கூடி ஏரியைப் பராமரித்த பொற்காலம், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று எழுதுவார்கள். வெள்ளைக்காரன் கெடுத்தது பாதி உண்மை. பொற்காலம்தான் உறுத்துகிறது. ஊர் கூடியது என்றால் ஊரில் யார் மண்வெட்டி பிடித்தார், யார் கரைமேல் நின்று கணக்குப் பார்த்தார்? 1858ஆம் ஆண்டின் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டத்தில் விடை இருக்கிறது. ஏரியோ ஆற்றங்கரையோ உடையும் அபாயம் வந்தால், அக்கம்பக்கத்துக் கிராமத் தலைவர்கள் மூலம் உடல் வலுவுள்ள ஆண்களை வேலைக்கு அழைக்க அதிகாரிக்கு அச்சட்டம் உரிமை தந்தது. எல்லா ஆண்களையும் அல்ல, 'உழைக்கும் வகுப்பு'களைச் சேர்ந்த ஆண்களை. வராவிட்டால் தண்டனை. வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தையும் அதே சட்டம் கட்டாயமாக்கியது. அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கிய 1843ஆம் ஆண்டுச் சட்டம் வந்து பதினைந்தே வருடம் ஆகியிருந்தது. சட்டத்தை எழுதியவர்களுக்கு 'உழைக்கும் வகுப்பு' எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. கிராமத் தலைவருக்குத் தெரியும், எந்தத் தெருவில் போய்த் தமுக்கு அடிக்க வேண்டுமென்று.

மகாராஷ்டிரத்தில் மகர்கள் பரம்பரையாகச் செய்த கிராமப் பணிக்கு வதன் என்று பெயர். அதை எடுத்துவிடச் சொல்லி 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். கொஞ்சம் நிலமும் கொஞ்சம் தானியமும் தந்து, ஒரு சமூகத்தையே ஊருக்குக் கட்டிப்போடும் கயிறு அது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நீர்க்கட்டியின் நெல்லையும் அந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் தரிசு நிலத்தைக்கூட அவர்களை அண்டவிடவில்லை என்பது அதில் முக்கியமான செய்தி. 1892இல் பஞ்சமி நிலம் வந்தது அதன் விளைவாகத்தான். கிடைத்ததோ தரிசு. தலைமுறை தலைமுறையாகக் கரை காத்தவருக்கு அந்தக் கரைக்குக் கீழே, ஆயக்கட்டில், இடம் கிடைக்கவில்லை.

பிறகு கிணறு வந்தது, மின்மோட்டார் வந்தது. சொந்தக் கிணறு வைத்தவருக்கு ஏரி தேவைப்படவில்லை. களத்துமேட்டு நெல் நின்றது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் செங்கல் சூளைக்கும் சென்னைக்கும் போனார்கள். போனது நல்லது என்பேன். தவறு அவர்கள் போனதில் இல்லை. அவர்கள் செய்த வேலையை, உரிய சம்பளத்தோடு, எந்தச் சாதியினரும் செய்யக்கூடிய அரசுப் பணியாக மாற்றாததுதான் தவறு. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அவற்றில் பலவற்றின் கரையை மழைநாளில் நடந்து பார்க்க ஆளே கிடையாது. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் வரிசையாக உடைந்தபோது மழையைக் குற்றம் சொன்னார்கள். மழை வரலாறு காணாதது, மறுக்கவில்லை. ஆனால் எலி வளைக்கும் கருவேல வேருக்கும் மழை பொறுப்பல்லவே.

2017இல் அரசு பழைய பெயரிலேயே குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது. வேலை பாசன விவசாயிகளின் சங்கங்களுக்கு. அதற்கும் முன்னால், 2000ஆம் ஆண்டு வந்த பாசன மேலாண்மைச் சட்டத்திலும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் ஆகிறவர் பாசன நிலத்துக்கு உரியவர். ஏரி உடைந்தால் முதலில் முழுகுவது தாழ்வான இடத்தில் இருக்கும் குடியிருப்பு. அங்கே இருப்பவருக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லையென்றால் கரையைப் பற்றிப் பேச அந்தச் சங்கத்தில் இடம் இல்லை. கால் வேலிக்கும் இதற்கும் நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருடம்.

இந்த மழைக்காலத்தில் ஊருக்குப் போகும் மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் ஏரிக்குக் கடைசி நீர்க்கட்டியாக இருந்தவர் யார் என்று சேரியில் கேளுங்கள். அவர் குடும்பத்துக்கு மானியமாக விட்ட நிலம் இருந்ததா, இருந்தால் இப்போது யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக நெல் அளந்தது எந்த வருடம், கரையில் எந்த இடம் பலவீனம் என்று அவர் சொல்வார் என்றெல்லாம் எழுதி வையுங்கள். கடைசிக் கேள்வியின் பதிலை மட்டும் உடனே ஒன்றிய அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.