ஹாலிஎல இறக்கமும் பழைய மோட்டார்க் கார்களும்

பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை வழியாக இறங்கிவரும் நெடுஞ்சாலை, வெலிமடையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையோடு கூடும் இடம் ஹாலிஎல. அப்புத்தளைப் புகையிரத நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1430 மீற்றர் உயரத்தில் உள்ளது. பதுளை நிலையமோ 650 மீற்றர் அளவே. பழைய காரொன்றை வாங்க எண்ணும் ஊவா வாசிக்கு இந்த இறக்கத்தைக் காட்டிலும் கண்டிப்பான பரிசோதகர் வேறெவருமில்லை.

புகையிரதம் பண்டாரவளையை 1894இலும் பதுளையை 1924இலும் எய்தியது. நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே துரைமாருக்கு மோட்டார்க் கார் வாகனமாயிற்று. கல்லுடைத்துத் தெருவிட்ட நம்மவர் அத்தெருவில் நெடுங்காலம் நடந்தே சென்றனர். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை அந்த இறுக்கம் பெரிதும் தளரவில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. புதிய கார் கிட்டாத காலத்தில் பழையதைப் பழுது பார்த்தே ஓட்ட வேண்டியிருந்தமையால், மொறிஸ் மைனர் போன்ற கார்கள் இந்நாட்டில் நீண்ட ஆயுள் பெற்றன. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தபோது, பழைய கார்களின் மதிப்பை மக்கள் இன்னொரு முறை உணர்ந்தனர்.

வாங்குபவர் முதலில் நோக்க வேண்டியது இலக்கத் தகடு. CEYLON என்னும் நாட்டுப் பெயரின் ஆங்கில எழுத்துக்கள் தகட்டில் இருந்த காலம் 1956உடன் முடிந்தது. 1957 ஜனவரி முதல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இடம்பெற்றது. ஓரெழுத்துத்தானே என்று அதனை அன்று எவரும் அலட்சியமாகக் கருதவில்லை. தமிழ்ப் பகுதிகளில் அதன்மேல் தார் பூசப்பட்டது. 1958 ஏப்பிரலில் பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிர் நீத்தனர். இன்று அதே தகடு காரின் வயதைச் சொல்லும் சான்றாக நிற்கிறது. மொறிஸ் மைனரில் இரு துண்டுக் கண்ணாடி நீங்கி ஒரே வளைந்த முன்கண்ணாடி வந்தது 1956இன் பிற்பகுதியில். ஆகவே ஸ்ரீக்கு முந்திய தகட்டோடு வளைந்த கண்ணாடி காணப்படின், இரு கார்கள் ஒன்றாக்கப்பட்டனவோ என ஐயுறுக. பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் உலோகத்திற் பொறித்தவற்றோடு ஒப்புநோக்கும் வரை முற்பணம் கொடுத்தல் ஆகாது.

அடுத்தது கறள். பளபளக்கும் வர்ணத்தை மெச்சுவது விற்பவருக்கு உதவி செய்வதாகும். காரின் கீழே படுத்து, தரைக்கு அடியிற் குறுக்காகச் செல்லும் உருக்குத் தாங்கியைத் திருப்புளியாற் குத்திப் பார்க்க வேண்டும். முன் சில்லுகளின் பாரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் அதிலேதான் பிணைக்கப்பட்டுள்ளன. பின்புற வில்தகடுகள் பொருந்தும் இடங்களும், கதவுகளின் கீழ்ப்படிகளும் அவ்வாறே பார்க்கத்தக்கவை. பின் முன் சில்லை ஜாக்கினால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். சில்லைத் தாங்கும் மரை மூட்டுக்குத் தவறாது கிரீஸ் இடாவிடின் மரை தேய்ந்து, ஓடும்போதே சில்லு மடிந்து விழும். சமவெளியில் அது செலவு. எல்ல வளைவில் அது வேறு கதை.

பிரேக்கின் தலைமை உருளை சாரதியின் காலடித் தரைக்குக் கீழ் அமைந்துள்ளமையால், மழைநீரும் சேறும் அதனை அணுகும். காரை நிறுத்தி, மிதியை ஒரு நிமிடம் அழுத்தியே வைத்திருங்கள்; மெல்லக் கீழிறங்குமாயின் எண்ணெய் கசிகிறது என்று கொள்க. நான்கு சில்லுக்கும் ஒரே எண்ணெய்க் குழாய்த் தொடர். ஓரிடத்திற் கசிந்தால் நான்கும் கைவிடும்.

இறுதியாகக் காரைப் பண்டாரவளையிலிருந்து கீழ்நோக்கி, மூன்றாம் கியரில், வேகமூட்டும் மிதியிலிருந்து காலை எடுத்தவாறு ஓட்டச் செய்க. கியர்த் தண்டு தானாக நழுவி விலகுமாயின் கியர்ப்பெட்டி தேய்ந்துள்ளது. இயந்திரம் காரைப் பிடித்து நிறுத்த உதவாது, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். முதலாம் கியர் மட்டும் கரகரப்பது பிறவிக் குணம். ஒத்திசைக்கும் பொறி அதற்கு அமைக்கப்படவில்லை. ஹாலிஎலவை அடைந்ததும் இறங்கி, நான்கு சில்லுகளின் அருகிலும் கையைக் கொண்டு செல்லுங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாயிருப்பின் அதன் பிரேக் விடுபடாமற் பிடித்துக் கொண்டிருக்கிறது. விலை பேசுமுன் அதனைக் கழற்றிக் காட்டும்படி கேட்பதில் குற்றமில்லை.