கனகாம்பரம்: வேங்கிக்காலில் வீட்டு வளர்ப்பு

கனகாம்பரம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட பூஞ்செடி. ஆடாதோடையும் நிலவேம்பும் சேர்ந்த அக்காந்தேசி குடும்பத்தைச் சேர்ந்தது. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வளரும். தாவரவியலில் இதற்குக் கிராசாண்ட்ரா இன்ஃபண்டிபுலிஃபார்மிஸ் என்று பெயர். இரண்டாவது சொல்லுக்குப் புனல் வடிவம் என்று பொருள். கனகம் பொன், அம்பரம் ஆடை. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பெயர்தான், சிறிய ஒலி மாற்றத்துடன். மராத்தியிலும் கொங்கணியிலும் அபோலி.

பூவைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்தப் புனல் தெரியும். நூல் போல மெல்லிய குழாய் ஒன்று. அதன் நுனியில் ஐந்து மடல்களும் ஒரே பக்கமாக விரிந்து சின்ன விசிறி போல நிற்கும். பூக்கள் பச்சைக் கதிர் ஒன்றில் அடியிலிருந்து நுனி நோக்கி வரிசையாக மலர்கின்றன. ஒரு கதிர் முழுதும் பூத்து முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மணம் கிடையாது. ஆனால் பறித்த பூ எளிதில் வாடாது. காலையில் தலையில் வைத்தது மறுநாளும் நிறம் மாறாமல் இருக்கும். அதனால்தான் மல்லியோடும் மருவோடும் சேர்த்துக் கதம்பம் கட்டுகிறார்கள்: மணத்தை மற்றவை கொடுக்க, நிறத்தைக் கனகாம்பரம் கொடுக்கிறது.

திருவண்ணாமலை நகருக்கு வடக்கே, வேலூர் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் பகுதி வேங்கிக்கால். ஏரியும் வயலுமாக இருந்த ஊரில் இன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இங்கே தோட்டம் என்றால் வாசற்படி ஓரமும் மொட்டை மாடியும்தான். அந்த இடத்துக்குள் ஆண்டு முழுதும் பூ வேண்டும் என்று கேட்பவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செடி இதுதான்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வருபவர்கள் ஃபியூசியாவைக் கண்டு மயங்கி ஒரு தொட்டி வாங்கி வருவதுண்டு. ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்கும் அந்தப் பூ அழகானது என்பதில் ஐயமில்லை. நடு, தென் அமெரிக்காவே அதன் பெரும்பாலான இனங்களின் தாயகம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கரீபியத் தீவுகளில் அதைக் கண்ட பிரெஞ்சுத் தாவரவியலாளர் சார்ல் பிளூமியே, லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் பெயரை அதற்குச் சூட்டினார். அதற்குக் குளிர்ந்த வேரும் ஈரக் காற்றும் வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே மொட்டு உதிரத் தொடங்கும். 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு அது பொருந்துகிறது. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் வேங்கிக்காலில் எவ்வளவு நிழல் கட்டினாலும் கோடையைத் தாண்டாது. செடியின் மேல் தவறில்லை, வளர்ப்பவர் மேலும் தவறில்லை. கனகாம்பரத்தின் கதை இதற்கு நேர் எதிர். ஐரோப்பாவில் அது குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் வைக்கும் தொட்டிச்செடி. சுவீடனில் உருவான ‘மோனா வால்ஹெட்’ என்ற குட்டை வகை அங்கே பெயர் பெற்றது. நாம் வாசலில் வைத்து மறந்துவிடக் கூடிய செடியை அங்கே சன்னலோரத்தில் வைத்துக் காக்கிறார்கள்.

வகைகள்

வீட்டுக்கு இரண்டு வகை போதும். ஒன்று, விதையில் முளைக்கும் நாட்டுக் கனகாம்பரம். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு நிறங்களில் உண்டு. மற்றொன்று டெல்லிக் கனகாம்பரம். பூ பெரியது, நிறம் செங்கல் கலந்த ஆரஞ்சு. அது மும்மடிய வகை ஆகையால் விதை கட்டாது. தண்டை வெட்டித்தான் நட வேண்டும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அம்பரா, அர்கா கனகா போன்றவை பெரும்பாலும் வயலில் சாகுபடி செய்வோருக்கானவை. கிடைத்தால் தொட்டியிலும் வைக்கலாம்.

நாட்டு வகையின் விதை பரவும் விதத்தை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும். காய்ந்த கதிரில் ஈரம் பட்டதும் காய் வெடிக்கிறது. மாலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்துவிட்டுச் சற்று நின்றால், டப் டப் என்ற ஒலியும் சுவரில் விதை தெறிக்கும் ஒலியும் கேட்கும். ஒரு காயில் நான்கு விதை. பிள்ளைகள் காய்ந்த காயை எச்சில் தொட்டு வெடிக்க வைத்து விளையாடுவது இதனால்தான். ஆங்கிலத்தில் இதைப் பட்டாசுப்பூ என்று அழைப்பதும் இதனால்தான். விதை வேண்டுபவர்கள் கதிர் பழுப்பு நிறமாக மாறும்போதே அதை வெட்டி ஒரு காகிதப் பையில் போட்டு வைக்க வேண்டும். நெடுநாள் வைக்காமல் விதைப்பது நல்லது.

பருவங்கள்

நடுவதற்கு ஆடியும் ஆவணியும் ஏற்றவை. வெயில் தணிந்து இடையிடையே மழை தூறும் நாட்கள் அவை. டெல்லி வகையானால் நுனித்தண்டை ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஈர மணலில் நிழலில் ஊன்ற வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. இதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணம் கூடாது. நட்ட இரண்டு மூன்று மாதத்தில் முதல் கதிர் வரும்.

ஐப்பசி, கார்த்திகைதான் உண்மையான சோதனைக் காலம். கனகாம்பரம் வெயிலில் சாவது அரிது. தேங்கிய நீரில்தான் சாகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டியது போன்ற மழையில் தட்டு வைத்த தொட்டி ஒரே இரவில் குளமாகிவிடும். மழை தொடங்கும் முன்பே தட்டை எடுத்துவிட்டுத் தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைக்க வேண்டும். அடியிலுள்ள துளை அடைபடாமல் இருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பார்ப்பது அவசியம். இந்த மாதங்களில் பூ குறையும். தீபத்துக்கு ஊரே கூடும்போது கடையில் பூ விலை ஏறுவதில் இதற்கும் பங்குண்டு. முகூர்த்த நாட்களில் கனகாம்பரம் கிலோ 1,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கமான செய்திதான். எடையே இல்லாத பூ அது; ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் பூ பறிக்க வேண்டும்.

மார்கழிப் பனியில் செடி மெல்ல வளரும். தண்ணீரைக் குறைத்தால் போதும். தை பிறந்ததும் காய்ந்த கதிர்களையும் ஒல்லிக் கிளைகளையும் வெட்டிவிட்டு உரம் வைத்தால் மாசியிலிருந்து பூ பெருகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும்.

சித்திரையிலும் அக்னி நட்சத்திர நாட்களிலும் மொட்டை மாடித் தொட்டிகளை நிழலான இடத்துக்கு மாற்ற வேண்டும். காலை வெயில் மட்டும் போதும். மண் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பி இரண்டு வேளை தண்ணீர் ஊற்றலாம். நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. உப்பும் சுண்ணாம்பும் கூடிய போர் தண்ணீரில் இது அடிக்கடி வரும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளித்தால் தேறும். மழைநீர் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

நோயும் வேரும்

மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும். அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத வேர் நூற்புழுவுக்கு. செடி குன்றும், இலை சிறுத்து ஊதா கலந்த சிவப்பாகும், பூ சுருங்கும். இதை உரக் குறை என்று நினைத்து மேலும் மேலும் உரம் போடுபவர்கள் ஏராளம். ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய வேரில் கறுத்த புண்கள் தெரியும். நூற்புழு குடைந்த வேரில் வாடல் பூஞ்சையும் எளிதில் புகுந்துவிடும். டெல்லி வகைக்கு இரண்டுமே எமன். பக்கத்தில் துலுக்கச்செவ்வந்தியை வைப்பதும், வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா கலந்த மண்ணில் நடுவதும் முன்காப்பு. வந்த பின் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது.

நர்சரியில் வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்காதீர்கள்; பையை மெல்லக் கவிழ்த்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். நோய் கண்டு செத்த தொட்டியின் மண்ணில் மீண்டும் கனகாம்பரம் வைக்க வேண்டாம். அந்த மண்ணை வேறு பூத்தொட்டிகளிலும் கொட்ட வேண்டாம்.