ஊசி குத்தாமல் மூக்கு வழியே வலி நிவாரணம்... எப்படி வேலை செய்கிறது?

திருச்சுழி பக்கம் மரத்திலிருந்து விழுந்து கை உடைந்த சிறுவனை அருப்புக்கோட்டைக்குத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். துடிக்கிற பிள்ளைக்கு நரம்பு தேடி ஊசி போடுவது லேசான காரியமா? இதற்கு மாற்றுதான் மூக்கு வழி மருந்து.

எப்படித் தருவார்கள்?

சிரிஞ்ச் முனையில் தெளிப்பானைப் பொருத்தி, ஃபென்டனில் மருந்தை இரண்டு மூக்குத் துவாரங்களிலும் பாதிப் பாதியாக அடிப்பார்கள். கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. மூக்கின் உள்சவ்வில் ரத்தக்குழாய்கள் அதிகம் என்பதால் 5 முதல் 10 நிமிடத்தில் வலி தணியத் தொடங்கும். கெட்டமைனும் இப்படித் தரப்படுகிறது.

எப்போது கூடாது?

மூக்கில் ரத்தம் வழிந்தால், முகத்தில் பலத்த அடி இருந்தால் தவிர்ப்பார்கள். மூச்சு மந்தமாகலாம்; கண்காணிப்பு கட்டாயம். எனவே வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்காது. ஆனாலும் "ஊசி இல்லாம வலியைக் குறைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.