சங்கீத நாடக அகாதெமி: நாடகக் குழு ஆதரவு

இசை, நடனம், நாடகம் ஆகியவற்றுக்கான இந்தியாவின் தேசிய அமைப்பு, தலைமையகம் புதுதில்லி. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் இதை 1953 ஜனவரி 28 அன்று தொடங்கிவைத்தார். முதல் தலைவர் பி. வி. ராஜமன்னார் அப்போதைய சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி, தெலுங்கு நாடகாசிரியர். அகாதெமி, பயில்முறைக் குழுக்கள் உள்ளிட்ட நாடக அமைப்புகளுக்குப் பயிற்சி, மேடையேற்றம் ஆகியவற்றுக்கு நிதியுதவி அளிக்கிறது. 1959இல் இது நிறுவிய தேசிய நாடகப் பள்ளி 1975இல் தன்னாட்சி பெற்றது.

இவ்வமைப்பின் நாடகப் பணிகளில் பெருந்தாக்கம் விளைவித்தது 1984இல் தொடங்கிய இளம் இயக்குநர் திட்டம். அதன்கீழ், வட்டார நிகழ்த்துமரபுகளிலிருந்து புதிய நாடகமொழி தேடிய குழுக்களுக்கு மண்டல, தேசிய விழா மேடைகள் கிடைத்தன. நிதிக்காக மரபுக் கூறுகள் செயற்கையாகப் புகுத்தப்பட்டன என்ற விமர்சனமும் எழுந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. மாநில அளவில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் அகாதெமியின் பணியையொத்த பணியைச் செய்கிறது. கலைமாமணி விருதும் அதன் வழியே வழங்கப்படுகிறது.