மூளைத் திசுவில் காசநோய்: ஒரு விகிதத்தின் வரலாறு

திசுவால் உறுதிசெய்யப்பட்ட சுமார் 2,000 மூளைக் கட்டிகளின் தொகுப்பை அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1932-இல் வெளியிட்டார். மூளையின் துணைச் செல்களிலிருந்து எழும் கிளையோமா அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 43 விழுக்காடு. காசநோய், சிஃபிலிஸ் போன்ற தொற்றுகளால் உருவான கட்டிகள் 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து கார்லண்ட், ஆர்மிடேஜ் இருவரும் வேறொரு கணக்கைத் தந்தார்கள்: மூளைக் கட்டிகளில் 34 விழுக்காடு காசநோய்க் கட்டிகள். அதற்கும் முன்னர், 1893-இல், நியூயார்க்கின் ஆலன் ஸ்டார் தொகுத்த சிறுவர் மூளைக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி காசநோயைச் சேர்ந்தவை.

இவற்றில் எதுவும் பிழையன்று. லீட்ஸ் கணக்கு பிரேதப் பரிசோதனையிலிருந்து வந்தது. அந்த மேசைக்கு எந்த நோயால் இறந்தவரும் வருவார். குஷிங்கிடம் வந்தவர்களோ அறுவையால் பிழைக்கக்கூடும் என்று கருதி அனுப்பப்பட்டவர்கள். காசநோய்க் கட்டியில் கத்தி வைத்தால் நோய் மூளையுறைக்குப் பரவி உயிரைப் பறிக்கும் என்ற அச்சமும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. நோயின் பரவலோடு, யாரை அறுக்கத் துணிந்தார்கள் என்பதும் விகிதத்தைத் தீர்மானித்தது.

காசநோய்க்கான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகு அந்த அச்சம் தணிந்தது. இந்தியாவில் நரம்பு அறுவைத் துறை வேர்கொண்டதும் அந்தத் தருணத்தில்தான்: 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி, 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. 1950, 60-களின் இந்திய அறிக்கைகளில் மண்டையோட்டுக்குள் இடம்பிடிக்கும் கட்டிகளில் 20 முதல் 30 விழுக்காடு வரை காசநோய்க் கட்டிகளாகவே காணப்பட்டன. 1965-இல் மருத்துவர்கள் தஸ்தூரும் தேசாயும் காசநோய்க் கட்டி 107, கிளையோமா 107 என்று சரிசமமாக எடுத்து ஒப்பிட முடிந்ததே அந்நோய் எவ்வளவு மலிந்திருந்தது என்பதற்குச் சான்று. தண்டுவடத்தில் நிலைமை வேறு. காசநோய் முதுகெலும்பை அரித்து வெளியிலிருந்து தண்டுவடத்தை அழுத்துவதே வழக்கம். தண்டுவடத்துக்குள்ளேயே கட்டியாவது அரிது.

அடுத்த திருப்பம் சி.டி. ஸ்கேனோடு வந்தது. வலிப்போடு வரும் இளவயது நோயாளிகளின் படத்தில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி அடிக்கடி தென்பட்டது. நாட்டில் காசநோய் மிகுதி என்பதால் அதையும் அக்கணக்கில் சேர்த்து, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறைந்ததும் மருந்தே குணப்படுத்தியதாக எண்ணினார்கள். மருந்தில்லாமலும் பல புள்ளிகள் மறைந்தது ஐயத்தைக் கிளப்பியது.

வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளிகளை அகற்றித் திசுவைப் பார்த்தார்கள். பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவமான சிஸ்டிசெர்கஸ். 1989-இல் லான்செட் இதழில் இதை அறிவித்தார்கள். 1993-இல் வெளியான அவர்களின் ஆய்வு, சிறிய, வட்டமான, 20 மில்லிமீட்டருக்கு மிகாத புள்ளி சிஸ்டிசெர்கஸ் ஆகவும், அதைவிடப் பெரிதாகி மூளையை ஒருபுறம் தள்ளுவது காசநோய்க் கட்டியாகவும் இருக்கும் வாய்ப்பே அதிகம் என்று வரையறுத்தது. என் பார்வையில், மூளைக் காசநோய் பற்றி இங்கு நடந்த ஆய்வுகளில் இதற்கு இணையான பயன் தந்தது வேறில்லை. தேவையற்ற நச்சு மருந்திலிருந்து எத்தனையோ பேரை அது காத்தது.  

இன்று அறுவைத் திசுக்களில் காசநோய்க் கட்டியின் பங்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது. நோய் குறைந்ததை மட்டும் இது காட்டவில்லை. ஸ்கேன் பார்த்து மாத்திரையாலேயே குணமாக்கப்படுபவரின் திசு ஆய்வகத்துக்கு வருவதே இல்லை. ஆகவே மூளை, தண்டுவட நோய்களின் விகிதத்தை வெளியிடும் ஒவ்வொரு நோய்க்குறியியல் துறையும், யாரிடமிருந்து திசு எடுக்கப்பட்டது, யாரிடமிருந்து எடுக்கப்படவில்லை என்பதையும் அதே அட்டவணையில் பதிவுசெய்ய வேண்டும்.