நுங்கம்பாக்கத்தில் கண்ட சில்வியா

புயல் எங்கே கரை கடக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் நமக்கு நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் நினைப்பு வரும். 1792-இல் மதராஸ் வானாய்வகம் எழுந்த இடம் அது. அன்று கருவிகளைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்னமும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1866 மே 16 அன்று, அந்த ஆய்வகத்திலிருந்துதான் வானியலாளர் நார்மன் போக்சன் புதிதாக ஒரு புள்ளியைக் கண்டார்.

1861-இல் மதராஸுக்கு வந்தவர் போக்சன். வந்த வருடமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர். அந்தக் காலத்தில் இந்த வேலைக்குக் கண்தான் கருவி. விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். படத்தில் இல்லாத ஒரு பொட்டு தட்டுப்பட்டால், மறுபடியும் ஒரு இரவு அதே இடத்தில் தேட வேண்டும். விண்மீன் என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும்; கொஞ்சம் நகர்ந்திருந்தால், அது சூரியனைச் சுற்றும் பொருள். கத்திரி வெயிலில் காய்ந்த சுவர்கள் ராத்திரியிலும் அனல் விடுகிற ஊரில், மங்கலான ஒரு பொட்டுக்காக இப்படிக் கண்விழித்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

1866-இல் அவர் கண்ட அந்தப் புள்ளியும் ஒரு சிறுகோள்தான். வரிசையில் 87-ஆவதாக வந்த அதற்குச் சில்வியா என்று பெயர் அமைந்தது. ரோமாபுரியை நிறுவிய இரட்டையர் ரோமுலஸ், ரீமஸைப் பெற்ற ரியா சில்வியாவின் பெயர். போக்சன் 1891-இல் மதராஸிலேயே காலமானார். கடைசிவரை அவருக்குச் சில்வியா ஒரு புள்ளிதான்.

2001-இல், ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி அதன் அருகே ஒரு துணைக்கோளைக் காட்டியது. பிறகு வானியலாளர் ஃபிராங்க் மார்ஷி குழுவினர், சிலியில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் 2004-இல் எடுத்த படங்களில், தாயை இன்னும் ஒட்டினாற்போல் இரண்டாவது துணைக்கோள் இருந்தது. பெயரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பெரியதற்கு ரோமுலஸ், சிறியதற்கு ரீமஸ். இரண்டு துணைக்கோள்கள் கொண்டதாக அறியப்பட்ட முதல் சிறுகோள் சில்வியாதான். பிள்ளைகள் வருவதற்கு 135 ஆண்டுகளுக்கு முன்பே தாயின் பெயர் காத்திருந்திருக்கிறது!

சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில், சூரியனை ஒருமுறை சுற்ற ஆறரை ஆண்டு எடுக்கும் சில்வியாவின் எடையும் பிள்ளைகளால்தான் தெரிந்தது. ரோமுலஸ் சுமார் மூன்றரை நாளிலும் ரீமஸ் சுமார் 33 மணி நேரத்திலும் அதைச் சுற்றி வருகின்றன. அந்தக் கணக்கிலிருந்து எடை வந்தது. ஏறக்குறைய 270 கிலோமீட்டர் அகலமுள்ள உடம்புக்கு அது மிகக் குறைவு. அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அப்படியானால் உள்ளே ஒரே பாறையாக இருக்க முடியாது. எப்போதோ மோதி உடைந்த சில்லுகள் தம் ஈர்ப்பாலேயே திரும்பக் கூடிய குவியல் அது, நடுவில் நிறைய வெற்றிடம். அந்த மோதலில் தெறித்து, தாயோடு போய்ச் சேராமல் வெளியே நின்றுவிட்ட துண்டுகள்தாம் ரோமுலஸும் ரீமஸும் என்று மார்ஷி குழுவினர் கருதுகிறார்கள்.