அட்டையிலிருந்து கணினிக்கு: அறபுத் தமிழ் நூல்கள் தப்புமா?

ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) பக்தாதின் இப்னு நதீம் 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலைத் தொகுத்தார். அதில் பெயர் சொல்லப்பட்ட நூல்களில் பெரும்பகுதி இன்று இல்லை. அவை இருந்தன என்பதற்கே பல வேளைகளில் அந்தப் பட்டியல்தான் சாட்சி. நூலகப் பட்டியலொன்றை மாற்றி எழுதும் வேலையில் இறங்குவோர் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பட்டியலுக்கு அட்டை வந்த கதை சுவையானது. 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, பறிமுதல் செய்த நூல்களைப் பதிய விளையாட்டுச் சீட்டுகளின் பின்புறத்தைப் பயன்படுத்தியது. 1901 முதல் அமெரிக்காவின் கொங்கிரஸ் நூலகம் அச்சிட்ட அட்டைகளை ஏனைய நூலகங்களுக்கு விற்றது. அதே நூலகத்தில் 1960களில் ஹென்றியற்றா அவ்ராம் என்ற பெண்மணி 'மார்க்' முறையை உருவாக்கினார். அவர் நூலகர் அல்லர். கணினி நிரல் எழுதுபவர். அட்டையில் உள்ள ஒவ்வொரு விபரத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்: ஆசிரியர் 100, தலைப்பு 245 என்று. அமெரிக்காவின் ஓ.சி.எல்.சி. நிறுவனம் 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி தனது கடைசி அட்டைகளை அச்சிட்டதோடு அட்டையின் காலம் ஏறக்குறைய முடிந்தது.

அட்டையைக் கணினிக்கு மாற்ற இரண்டு வழிகள் உண்டு. வேறு நூலகம் ஏற்கனவே செய்த பதிவைத் தேடி எடுத்துக்கொள்வது ஒன்று. நூலைக் கையில் வைத்துப் புதிதாகப் பதிவது மற்றையது. ஆயிரம் நூலகங்களில் இருக்கும் ஆங்கில நூலுக்கு முதல் வழி போதும். நம்மட பழைய நூல்களுக்கு அப்படி ஆயத்தப் பதிவு கிடைப்பது அரிது. அப்போது அட்டையில் உள்ளதை அப்படியே தட்டிவிட்டுப் போவதுதான் வழக்கமாகிறது. சேதம் அங்கேதான்.

முதலாவது, மொழி. அறபுத் தமிழ் நூலின் எழுத்து அறபு, மொழி தமிழ். தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் சேர்த்த எழுத்துகளும் அதில் உண்டு. அதை வாசிக்கத் தெரியாதவர் "இது அறபுக் கிதாபுதானே" என்று மொழிப் பெட்டியில் அறபு எனப் போட்டுவிட்டால், தமிழ் நூல் தேடுபவருக்கு அது ஒருநாளும் வராது. அட்டை இடம் மாறிக் கிடந்தால் லாச்சியைப் புரட்டும் ஒருவர் கண்டெடுக்கலாம். கணினி கேட்டதை மட்டுமே காட்டும். மொழி தமிழ் என்றும், எழுத்து அறபு என்று 546ஆம் இடத்திலும் பதிய வேண்டும்.

இரண்டாவது, பெயர். சித்திலெப்பை, சித்தி லெப்பை, சித்திலெவ்வை மூவரும் கணினிக்கு மூன்று ஆட்கள். எம்.எம். உவைஸும் ம.மு. உவைஸும் இரண்டு பேர். 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை'யை 'அஸன்பே சரித்திரம்' என்று தேடுவோரும் உண்டு. ஒரு பெயரைத் தலைமைப் பெயராக்கி, மற்றவற்றை அதனோடு இணைத்தால்தான் ஒருவரின் நூல்கள் ஒரே இடத்தில் சேரும்.

மூன்றாவது, ஆண்டு. நூலில் ஹிஜ்ரி 1300 என்றிருந்தால் அதை அப்படியே ஆண்டுப் பெட்டியில் இட்டால், அச்சியந்திரமே பிறக்காத காலத்து நூலாகிவிடும். 622ஐக் கூட்டினால் 1922 வரும், அதுவும் பிழை. சந்திர ஆண்டு குறுகியது. ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883 நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. நாற்பது வருடப் பிழை ஒரு நூலின் வரலாற்றையே புரட்டிவிடும். நூலில் உள்ள ஹிஜ்ரி ஆண்டையும் கி.பி. 1882-83 என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும்.

மாற்றி முடிந்ததும் அட்டைகளைப் பழைய பேப்பருக்குப் போடும் அவசரமும் கூடாது. யார் அன்பளித்தது, எந்தப் பக்கம் இல்லை என்று பழைய நூலகர்கள் அட்டை ஓரத்தில் பேனையால் எழுதிவைத்த குறிப்புகள் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 1994இலேயே இந்த இழப்பைப் பற்றி எழுதினார். குறைந்தபட்சம் இரு பக்கமும் படமெடுத்து வைக்கலாம். பதிவின் பிரதியொன்று வேறு ஊரிலும் இருக்க வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிந்த நாட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தொழில்நுட்பத்தைக் குறைசொல்லும் காலம் போய்விட்டது. மார்க்கின் பழைய எழுத்துத் தொகுதியில் அறபுக்கு இடமிருந்தது, தமிழுக்கு இருக்கவில்லை. இன்று யூனிகோட்டில் இரண்டும் ஒரே பதிவில் நிற்கும். நியூசிலாந்தில் பிறந்து 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'கோஹா' மென்பொருள் இலவசம். குறைவாக உள்ளவர்கள் அறபுத் தமிழைச் சரளமாக வாசிக்கும் ஆட்கள்தான். குர்ஆன் மத்ரஸாக்களிலும் வீடுகளிலும் அதைக் கற்ற மௌலவிமாரும் உம்மாமாரும் வயதாளிகளாகிவிட்டார்கள். நூலகமொன்று இந்த வேலையைத் தொடங்கும்போது, தட்டச்சு செய்யும் பிள்ளைக்குப் பக்கத்தில் அவர்களில் ஒருவருக்கும் ஒரு கதிரை போடட்டும்.